ஜமக்காளத்தின் மேல் விழுந்த பழி

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மிளகாய் மண்டிகளுக்கு நடுவே வைத்தியசாலை வைத்திருந்தால் ஒரு தொல்லை உண்டு. வருகிறவர்கள் எல்லோரும் தும்மிக்கொண்டேதான் வருவார்கள். இவர்களில் ஜலதோஷம் யாருக்கு, மிளகாய் நெடியில் அகப்பட்டவர் யார் என்று முதலில் பிரிக்க வேண்டும். டாக்டர் ஜானகியம்மாளுக்கு அது கைவந்த கலை. எல்.எம்.பி. படித்த அந்த அம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். குரலை உயர்த்தி அவர் பேசி யாரும் கேட்டதில்லை. ஆளை இரண்டு தடவை மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். பிறகு சொல்வதைச் சொல்வார்.

அவருடைய கம்பவுண்டர் ராசப்பன் இதற்கு நேர் எதிர். மருந்து கலக்கிய நேரம் போக மீதி நேரமெல்லாம் துப்பறியும் நாவல் படிக்கிற மனிதர். வயிற்றுவலி என்று வருகிறவனைக்கூட, "நேற்று சாயங்காலம் எங்கேப்பா இருந்தாய்?" என்று ஒரு குறுக்கு விசாரணை செய்த பிறகே உள்ளே விடுவார். சேலத்தில் ஒரு கொலைகூட ஒழுங்காக நடப்பதில்லை என்பது அவருடைய நெடுநாளைய வருத்தம்.

1937-ஆம் வருஷம், ஐப்பசி மாதக் கடைசி. மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்த ஒரு காலை வேளையில், நல்ல உயரமான ஒரு கவுண்டர் வைத்தியசாலை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. தலைத்துண்டை எடுத்து அக்குளில் வைத்துக்கொண்டு படியைப் பார்த்தபடியே நின்றார்.

"ஏனுங்க, டாக்டரம்மா இருக்கறாங்களா?"

ராசப்பன் அவரை மேலும் கீழும் பார்த்தார். "நீங்கள் சொல்லவே வேண்டாம். உங்கள் ஊர் கரிசல் பூமி. செருப்பிலே ஒட்டியிருக்கிற களிமண்ணே சொல்லுது. ராசிபுரத்துப் பஸ்ஸிலே வந்திருக்கிறீர்கள்."

"ஆமாங்க. இந்நேரத்துக்கு வேற பஸ்ஸே இல்லீங்களே" என்றார் கவுண்டர், இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்பது போல.

உள்ளே வந்து உட்கார்ந்ததும் அவர் விஷயத்தைச் சொன்னார். அவர் பெயர் அர்த்தநாரி கவுண்டர், ஊர் ஓடைப்பாளையம். அவருடைய மகள் சௌந்திரத்தைப் பக்கத்து ஊரான செங்கரட்டில் நாச்சிமுத்து என்ற பையனுக்குப் பேசி முடித்திருந்தார்கள். ஐப்பசி பிறந்ததும் மாப்பிள்ளை வீட்டார் வந்து உப்பும் சர்க்கரையும் மாற்றி நிச்சயம் செய்துவிட்டுப் போனார்கள். கார்த்திகையில் முகூர்த்தம்.

"மாப்பிள்ளையும் வந்திருந்தாரா?" என்று கேட்டார் டாக்டர்.

"அது எப்படிங்க? எங்க பக்கத்துல உப்புச் சக்கரைக்கு மாப்பிள்ளை வரமாட்டானுங்க. கண்ணாலத்துக்கு முந்தி பையனும் புள்ளையும் பாத்துக்கறது வழக்கமில்லீங்க. அவங்கப்பன் வேலுமணி கவுண்டர் வந்தாரு, அத்தைக்காரி பெருமாயி வந்தா, பங்காளிங்க வந்தாங்க. புது ஜமக்காளம் எடுத்து விரிச்சு உக்கார வெச்சனுங்க. அந்த ஜமக்காளத்துல வந்துதுங்க வினை."

"என்ன வினை?"

கவுண்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அங்க போன பொறவு அவங்க ஊட்ல எல்லாத்துக்கும் ஒரே அரிப்புங்க. வட்டம் வட்டமா புண்ணு. பையனுக்கு இருக்குது, அப்பனுக்கு இருக்குது. எங்க ஜமக்காளத்துல இருந்துதான் சீக்கு ஒட்டிக்கிச்சுன்னு அந்தப் பெருமாயி ஊரெல்லாம் சொல்லிப்போட்டாங்க. அதோட நின்னாப் பரவால்லீங்க. எம்பொண்ணு கன்னத்துலயும் அதே மாதிரி ஒண்ணு வந்திருக்குது. அதை யாரோ போயிச் சொல்ல, அந்தப் பெருமாயி கெணத்தடியில நின்னு, 'அது பெருவியாதி, அந்தப் புள்ளைய எடுத்தா எங்க குலமே அழுகிப்போவும்'னு பேசிப்போட்டா. வெள்ளிக்கிழமை முகூர்த்தக்கால் போடணும். அதுக்குள்ள ஒரு வழி தெரியாட்டி உப்புச் சக்கரையத் திருப்பிக் குடுத்தர்றோம்னு ஆள் அனுப்பிட்டாங்க."

சொல்லி முடித்ததும் அந்தப் பெரிய மனிதரின் கண்கள் கலங்கிவிட்டன. பெருவியாதி, குஷ்டம் என்று ஒரு தடவை பெயர் கட்டிவிட்டால் அந்தப் பெண்ணை இந்த மாப்பிள்ளை மட்டுமல்ல, வேறு எந்த மாப்பிள்ளையும் எடுக்கமாட்டான். இது மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது.

"உங்கள் மகளுக்கு அரிக்கிறதா?" என்று கேட்டார் டாக்டர்.

"சொறிஞ்சு சொறிஞ்சு கன்னமே சிவந்து போச்சுங்க."

"நல்லது" என்றார் டாக்டர். கவுண்டர் திகைத்துப் பார்த்தார். ராசப்பனும்தான்.

மறுநாள் காலை பஸ்ஸில் ராசப்பன் தம் முடிவை அறிவித்தார். "அம்மா, இது சதி. யாரோ இந்தச் சம்பந்தம் பிடிக்காதவன் பூனைக்காலிச் சுணையை ஜமக்காளத்தில் தடவியிருக்கிறான். உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் அரிப்பு."

"பூனைக்காலி பட்டால் அன்றைக்கே துள்ளிக் குதித்திருப்பார்கள், ராசப்பா. மறுநாள் போயிருக்கும். வட்டம் போட்டுக்கொண்டு உட்காராது."

ராசப்பன் யோசனையில் ஆழ்ந்தார். ராசிபுரத்தில் இறங்கி, அர்த்தநாரி கவுண்டரின் வண்டியில் ஏறி, ஊரோரத்து ஓடையைத் தாண்டி ஓடைப்பாளையம் சேர்ந்தபோதும் அவர் யோசனையிலிருந்து வெளியே வரவில்லை. அதனால் வண்டியிலிருந்து இறங்கும்போது காலைப் பார்த்து வைக்கவில்லை. கறுப்புக் களிமண் அவருடைய புதுச் செருப்பைக் கணுக்கால் வரை விழுங்கிக்கொண்டது. ஒரு குச்சியை வைத்து வெகுநேரம் சுரண்டிப் பார்த்தார். அது போகிற மண்ணாக இல்லை.

சௌந்திரம் தைரியமான பெண். அழவில்லை. டாக்டர் சொன்னபடி வெளிச்சத்தில் வந்து நின்றாள். வலது தாடைக்கு மேலே அரையணாக் காசு அளவில் ஒரு வட்டம். ஓரம் சிவந்து தடித்து, சிறு செதிலாக உரிந்துகொண்டிருந்தது. வலது முழங்கை மடிப்பில் அதைவிடச் சிறியதாக இன்னொன்று. டாக்டர் பஞ்சைத் திரியாக முறுக்கி, அவளைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, வட்டத்தின் நடுவில் மெல்லத் தொட்டார்.

"தொட்டீங்க" என்றாள் சௌந்திரம். "இப்பவுந் தொட்டீங்க. கூசுதுங்க."

"கவுண்டரே, இது பெருவியாதி இல்லை" என்றார் டாக்டர். "அந்த வியாதி வந்த இடத்தில் தொட்டால் தெரியாது, கிள்ளினாலும் தெரியாது. அரிக்கவும் அரிக்காது. நேற்று நீங்கள் அரிக்கிறது என்று சொன்னபோதே எனக்குப் பாதி நிம்மதி. இது படர்தாமரை."

கவுண்டர் வானத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். "அப்ப எங்கிருந்துங்க வந்துது?"

"அதைத்தான் பார்க்க வேண்டும். வீட்டில் ஆடு மாடு என்னென்ன இருக்கிறது?"

உழவு மாடு ஒரு ஜோடி, கறவை வற்றிய எருமை ஒன்று. டாக்டர் போய் மூன்றையும் தடவித் தடவிப் பார்த்தார். தோல் சுத்தமாக இருந்தது. கன்று ஏதும் இல்லை. ஜமக்காளத்தையும் விரித்துக் காட்டச் சொன்னார். நன்றாகத் துவைத்து வெயில் கண்ட ஜமக்காளம்தான்.

"நீ வேறு எந்த மாட்டையாவது கன்றையாவது தொட்டாயா, அம்மணி?" என்று பெண்ணிடம் கேட்டார்.

"இல்லீங்க" என்றாள் அவள், தரையைப் பார்த்துக்கொண்டு. பிறகு டாக்டர் பையை மூடப்போகும் சமயம் பக்கத்தில் வந்து மெதுவாக, "ஏனுங்க டாக்டரம்மா, இது கண்ணைச் சுத்தி வந்துதுன்னா பார்வை போயிருங்களா?" என்றாள்.

"உனக்குத் தாடையில்தானே இருக்கிறது?"

"சும்மா கேட்டனுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடிவிட்டாள்.

ஜானகியம்மாள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "கவுண்டரே, நான் செங்கரட்டுக்குப் போகிறேன். பொழுது சாய்வதற்குள் நீங்கள் மகளையும் அந்த ஜமக்காளத்தையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு அந்த ஊர் மாரியம்மன் கோயிலுக்கு வந்துவிடுங்கள். கல்யாணத்துக்கு முன்னால் பெண் மாப்பிள்ளை வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. கோயிலுக்கு வரலாம் அல்லவா?"

"கோயலுக்கு வர ஆரு என்ன சொல்லுவாங்க?" என்றார் கவுண்டர்.

செங்கரடு அந்தப் பெயருக்கு ஏற்ற ஊர். மண் அப்படியே குங்குமம். ராசப்பனின் செருப்பில் இருந்த கறுப்பின் மேல் இப்போது சிவப்பும் ஏறிக்கொண்டது. "இது புதுச் செருப்பப்பா" என்று வண்டிக்காரனிடம்கூட முறையிட்டார்.

பெருமாயி வாசலிலேயே எதிர்கொண்டாள். அண்ணன் பெண்டாட்டி போய்ச் சேர்ந்ததிலிருந்து அந்த வீட்டை ஆள்பவள் அவள்தான். நாச்சிமுத்துவைத் தவழும் வயதிலிருந்து வளர்த்தவளும் அவளே. வந்தவர்களுக்கு நாற்காலி போட்டு, மோர் கொடுத்து, அதன் பிறகே சண்டையைத் தொடங்கினாள். அந்த மரியாதையில் அவள் குறை வைக்கவில்லை.

"நீங்க படிச்சவங்க, வந்தது சந்தோசந்தானுங்க. ஆனா நான் கண்ணால பாத்ததச் சொல்றேன். அவங்கூட்டுக்குப் போயிட்டு வந்த பொறவுதான் எங்கூட்ல இந்தக் கருமம். அந்த ஜமக்காளத்தை எரிக்கச் சொல்லுங்க மொதல்ல. எம்புள்ளைய நான் சீக்குக்காரிக்குக் கட்டிவைக்க மாட்டேன்!"

பேசும்போது அவள் உட்காரவே இல்லை. டாக்டர் உட்காரச் சொன்னபோதும், "இருக்கட்டுங்க" என்று தூணில் சாய்ந்து நின்றாள். சாய்ந்தவள் சும்மாவும் இல்லை. இடுப்பைத் தூணில் இப்படியும் அப்படியும் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அகம்பாவம் பிடித்தவள் என்று ராசப்பன் மனத்துக்குள் குறித்துக்கொண்டார். அவள் கட்டியிருந்த மஞ்சள் சேலை நடுப்பகலிலும் ஈரம் உலராமல் கால்களில் ஒட்டிக்கொண்டிருந்தது.

வேலுமணி கவுண்டர் சாது. தங்கை பேசும்போது தாம் பேச வேண்டியதில்லை என்று பழகிப்போனவர். அவருக்கு நெற்றியின் மேல்விளிம்பில், முண்டாசு அழுத்துகிற கோட்டில், ஒரு சின்ன வட்டம். வேறெங்கும் இல்லை. நாச்சிமுத்துவுக்கு இரண்டு முன்கைகளின் உட்புறத்திலும் கழுத்தின் பக்கவாட்டிலும் இருந்தது. அவை பெரிய வட்டங்கள். வெள்ளி ரூபாயை வைத்து மூடினாலும் ஓரம் வெளியே தெரியும். நடுவில் ஆறித் தெளிந்து, ஓரம் மட்டும் சிவந்திருந்தது.

"எப்போதிருந்து, தம்பி?"

"இப்பத்தானுங்க. உப்புச் சக்கரைக்கு அப்புறமேல்தானுங்க" என்றான் நாச்சிமுத்து. அத்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னான்.

"சரி. அந்த வட்டங்கள் என்ன சொல்கின்றன என்றும் கேட்டுக்கொள்வோம்" என்றார் டாக்டர். ராசப்பனுக்கு அதன் அர்த்தம் புரியவில்லை.

மாடுகளைப் பார்க்க வேண்டும் என்றதும் வேலுமணி கவுண்டர் எழுந்தார். மழை பிடித்துக்கொண்டது. முளையில் தொங்கிய துண்டை எடுத்துத் தலையில் கட்டினார். "அது என்னுது அப்பா" என்றான் மகன். "எதுவா இருந்தா என்ன, ஈரத் தலைக்கு?" என்றபடி அவர் முன்னால் நடந்தார்.

கட்டுத்தரையில் ஏழெட்டு உருப்படிகள் நின்றன. எல்லாவற்றுக்கும் கடைசியில், தனியாக, தாயில்லாத ஒரு மயிலைக் காளைக்கன்று. பிறந்த நாளிலிருந்து நாச்சிமுத்துவே மடியில் கிடத்திப் பால் ஊட்டி வளர்த்தது என்று தகப்பனார் பெருமையாகச் சொன்னார். அது அவனைக் கண்டதும் முன்கைகளுக்கு நடுவே தலையை நுழைத்துக் கழுத்தில் மூக்கை உரசியது.

"என்ன அழகு! என்ன அழகு!" என்று ராசப்பன் போய்க் கட்டிக்கொண்டார்.

"ராசப்பா, கையை எடு" என்றார் டாக்டர். ஆனால் அதற்குள் ராசப்பன் தாராளமாகவே கொஞ்சி முடித்திருந்தார்.

கன்றின் இரண்டு கண்களைச் சுற்றியும் மயிர் உதிர்ந்து, சாம்பலைக் குழைத்து அப்பியது போல ஒரு தடிப்பு. ஜானகியம்மாள் அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு குனிந்து குளம்பைத் தூக்கிப் பார்த்தார். "இதை எங்கே குளிப்பாட்டுகிறாய்?"

"இதா, இந்தக் கெணத்தடியிலதானுங்க."

டாக்டர் அதற்கு மேல் கேட்கவில்லை. சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டு, "பெருமாயியம்மா, சமையல்கட்டுக்குக் கொஞ்சம் வாருங்கள்" என்று சொல்லி அவளை உள்ளே அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினார்.

"உங்களுக்கும் இடுப்பில் இருக்கிறது. ஏன் சொல்லவில்லை?"

பெருமாயி திடுக்கிட்டாள். "ஆரு சொன்னாங்க?"

"தூண் சொல்லிற்று. உட்கார முடியாமல் நிற்கிறீர்கள். காட்டுங்கள்."

சேலைக் கொசுவம் இறுக்குகிற மடிப்பில் தோல் வெந்தது போலச் சிவந்து, நசநசத்து, ஓரமெல்லாம் பொட்டுப் பொட்டாகப் பரவியிருந்தது. வட்டமே இல்லை. அதைக் காட்டியதும் அந்தப் பெண்பிள்ளையின் வீறாப்பெல்லாம் கரைந்துபோயிற்று. விம்மி விம்மி அழுதாள்.

"எம்புள்ளைக்கு நல்லபடியா கண்ணாலம் ஆவோணும்னு மாரியாத்தாளுக்கு வேண்டிக்கிட்டனுங்க. நோம்பிக்குக் கோயல்ல நட்டிருக்கற கம்பத்துக்குத் தண்ணி ஊத்தறேன், ஊத்திட்டு வந்த ஈரச்சேலை ஒடம்புலயே காயற வரைக்கும் மாத்தமாட்டேன்னு. நோம்பி முடிஞ்சு கம்பம் புடுங்குன பொறவும் கண்ணாலம் முடியற மட்டும் அப்படியே இருக்கறேன்னுட்டேன். இது வந்ததும் ஆத்தா கோவிச்சுக்கிட்டாளோ, நான் ஏதோ தப்புப் பண்ணிப்போட்டனோன்னு தூக்கமே இல்லீங்க. அப்புறம் எல்லாத்துக்கும் அரிக்குதுன்னதும்... அவங்க ஊட்டுச் சீக்காத்தான் இருக்கோணும்னு நெனச்சேன். அப்படி நெனச்சாத்தான் எனக்கு நிம்மதியா இருந்துது."

டாக்டர் அவள் தோளைத் தொட்டார். "ஆத்தாளுக்கு உங்கள் மேல் என்ன கோபம்? ஐப்பசி மழையில் எந்தச் சேலை உடம்பிலே காயும்? நீங்கள் நாள் முழுக்க ஈரத்திலேயே இருக்கிறீர்கள். ஊறுகாய் ஜாடியில் ஈரக் கரண்டி பட்டால் என்ன ஆகிறது? பூஞ்சக்காளான் பூக்கிறதில்லையா? தோல் மடிப்பும் அப்படித்தான். ஈரமும் புழுக்கமும் இருந்தால் அது தானாகவே பூக்கும். யாரும் உங்களுக்கு ஒட்டவைக்கவில்லை. தண்ணீர் ஊற்றியது பக்தி. அதோடு உலர்ந்த சேலை கட்டிக்கொண்டால் ஆத்தா வேண்டாம் என்றா சொல்வாள்?"

பெருமாயி மூக்கைச் சிந்தினாள். ஆனாலும் அவள் பெருமாயிதான். "சரிங்க. என்னுது வேற. அந்தப் புள்ளை கன்னத்துல இருக்கறது?"

"கோயிலுக்கு வாருங்கள். கன்றையும் ஓட்டிவரச் சொல்லுங்கள்."

சாயங்காலம் மழை விட்டது. மாரியம்மன் கோயில் வேப்பமரத்தடியில் இரண்டு ஊர்ப் பங்காளிகளும் கூடிவிட்டார்கள். அர்த்தநாரி கவுண்டரின் கூண்டு வண்டி சற்றுத் தள்ளி நின்றது. சௌந்திரம் அதற்குள் இருந்தாள். டாக்டர் முதல் காரியமாகப் பழி சுமந்த ஜமக்காளத்தை விரிக்கச் சொல்லி அதன் நடுவில் தாமே சம்மணமிட்டு உட்கார்ந்தார். கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது.

"பயப்படாதீர்கள். இது யோக்கியமான ஜமக்காளம்" என்றார். "இதிலிருந்து சீக்கு ஒட்டியிருந்தால் உட்கார்ந்தவர்களுக்கு எங்கே ஒட்டியிருக்க வேண்டும்? வேலுமணி கவுண்டர் தலைகீழாகவா உட்கார்ந்தார், நெற்றியில் வருவதற்கு?"

சிரிப்பு எழுந்தது. வேலுமணி கவுண்டரும் சிரித்தார்.

"இது ஒன்று. இரண்டாவது, மாப்பிள்ளை இந்த ஜமக்காளத்தைக் கண்ணாலும் பார்த்ததில்லை. அவருக்குத்தான் அதிகமாக இருக்கிறது. மூன்றாவது முக்கியம். படர்தாமரை ஒரு புள்ளியாக ஆரம்பித்து வெளிப்பக்கமாக வளரும்; நடுவில் ஆறிக்கொண்டே போகும். வட்டம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பழையது. பெண்ணுக்கு இருப்பது அரையணாக் காசு. மாப்பிள்ளைக்கு இருப்பது வெள்ளி ரூபாயைத் தாண்டிவிட்டது. மாப்பிள்ளைக்கு முதலில் வந்திருக்கிறது. உப்புச் சர்க்கரைக்கும் முன்பே வந்திருக்கிறது. அப்புறம்தான் பெண்ணுக்கு. சீக்கு ஓடைப்பாளையத்திலிருந்து வரவில்லை. இங்கேயிருந்து அங்கே போயிருக்கிறது."

ராசப்பன் தொடையில் தட்டிக்கொண்டார். நாச்சிமுத்து கன்றின் கயிற்றை இறுகப் பிடித்தான்.

"அப்ப பையனுக்கு ஆரு குடுத்தாங்க?" என்றார் வேலுமணி கவுண்டர்.

"இதோ நிற்கிறாரே, கண்ணில் சாம்பல் பூசிக்கொண்டு, இவர்தான். மழைக்காலத்தில் ஈரக் கட்டுத்தரையில் நிற்கிற கன்றுகளுக்கு இந்தப் பூஞ்சக்காளான் வரும். கன்றுக்கு அதனால் பெரிய துன்பமில்லை, பார்வையும் போகாது." இதைச் சொல்லும்போது மட்டும் டாக்டர் குரலை வண்டிப் பக்கமாகத் திருப்பிச் சொன்னார். "தம்பி இதை இரண்டு கையாலும் அணைத்து, கழுத்தோடு சேர்த்துக் கொஞ்சுகிறார். கையில், கழுத்தில் வந்தது. தகப்பனார் மகனுடைய ஈரத் துண்டை எடுத்து முண்டாசு கட்டுகிறார். முண்டாசு அழுத்திய கோட்டில் வந்தது. கன்றுக்கு டிங்சர் போட்டுத் தனியே வெயிலில் கட்டுங்கள். துண்டுகளைக் கொதிக்கவைத்துக் காயப் போடுங்கள், ஆளுக்கொரு துண்டு. களிம்பு ராசப்பன் தருவார். பழைய பழக்கப்படி பூவரசங்காய்ப் பால் தடவினாலும் நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன்."

எல்லோரும் தலையாட்டினார்கள். அர்த்தநாரி கவுண்டர் மூச்சு விட்டார். அந்தச் சமயம் பார்த்து, கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு பங்காளி எழுந்தார்.

"எல்லாஞ் சரிங்க. புள்ளை இந்த ஊருக்கு வந்ததில்லை. கன்னு அந்த ஊருக்குப் போனதில்லை. உப்புச் சக்கரைக்குப் பையனும் போவலை. அப்புறம் அந்தப் புள்ளை கன்னத்துக்கு எப்படிங்க போச்சு?"

ராசப்பன் ஆவலோடு டாக்டரைப் பார்த்தார்; அவருக்கும் அது தெரிய வேண்டியிருந்தது. ஜானகியம்மாளுக்கு விடை தெரியும். அதைச் சொன்னால் இத்தனை நேரம் கட்டிய சுவர் இடிந்து போகும் என்பதும் தெரியும். "நோயாளி விஷயம் சிலது டாக்டரோடு நிற்க வேண்டும்" என்று தொடங்கினார்.

அவர் அதை முடிப்பதற்குள் மயிலைக் கன்று கயிற்றை ஓர் இழு இழுத்தது. நாச்சிமுத்துவின் கையிலிருந்து கயிறு நழுவிப்போயிற்று. கன்று கூட்டத்தைப் பார்க்கவில்லை, கோயிலைப் பார்க்கவில்லை. நேரே ஓடைப்பாளையத்து வண்டிக்கு ஓடியது. பின்பக்கமாகக் கூண்டுக்குள் தலையை நுழைத்தது. உள்ளேயிருந்து ஒரு வளைக்கரம் தன்னையறியாமல் நீண்டு அதன் வாயில் வெல்லக்கட்டியை வைத்துக் காதைச் சொறிந்தது. பிறகு திடுக்கிட்டு உள்ளே போயிற்று. கன்று வெல்லம் தின்கிற சத்தம் வெளியே எல்லோருக்கும் கேட்டது.

நாச்சிமுத்து தலையைக் குனிந்துகொண்டான். அர்த்தநாரி கவுண்டரின் முகம் வெளுத்தது. பங்காளிகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு பெண்ணும் பையனும் ஓடைக் கரையில் சந்தித்தார்கள் என்று யாராவது ஒருவர் வாயைத் திறந்து சொன்னால் போதும். படர்தாமரையைவிட வேகமாக அது பரவும்.

அப்போது பெருமாயி நடுவே வந்து நின்றாள். வண்டியைப் பார்த்தாள். மருமகனைப் பார்த்தாள். ஒரு கணம் டாக்டரையும் பார்த்தாள்.

"என்ன எல்லாரும் பேயறைஞ்சாப்பல நிக்கறீங்க?" என்றாள். "நாந்தான் கன்னை அந்தப் பக்கம் ஓட்டிட்டுப் போவச் சொன்னேன். மாடு கன்னு நெறைஞ்ச ஊடு எங்கூடு. வர்ற புள்ளை கன்னை அண்டுமா, ஒதைச்சு வெரட்டுமான்னு பாக்க வேண்டாமா? பண்ணையத்து ஆளுகிட்டக் குடுத்து அவங்க காட்டோரமா ஓட்டிட்டுப் போயி மேய்க்கச் சொன்னேன். பாருங்க, தாயில்லாத கன்னு ஆயாகிட்டப் போற மாதிரி ஓடுது. புள்ளை தேறிப்போச்சு. சீக்கு எங்கூட்டுது. பழி சொன்னது என் தப்பு. வெள்ளிக்கிழமை முகூர்த்தக்கால் போடறோம். கம்பத்துக்குத் தண்ணி ஊத்துனவ ஆத்தா வாசல்ல நின்னு சொல்றேன். இன்னும் ஆருக்காச்சும் சந்தேகமிருக்குதா?"

யாருக்கும் இல்லை. அவள் கேட்ட விதத்தில் இருக்கவும் முடியாது.

திரும்பும் பஸ்ஸில் ராசப்பன் வெகுநேரம் பொறுத்துப் பார்த்தார். "அம்மா, அந்தம்மாள் கோயில் வாசலிலே பொய் சொன்னாள்!"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"ஓடினபோது கன்றின் குளம்பைப் பார்த்தேன். செம்மண்ணுக்கு அடியிலே கரிசல் களி அப்பியிருந்தது. என் செருப்பிலே இருக்கிற அதே களி. சுரண்டினாலும் போகாது. கிணற்றடியில் குளிப்பாட்டுகிறேன் என்றானே பையன்? மாமனார் ஊர் ஓடைக்கு அவனேதான் தினமும் ஓட்டிக்கொண்டு போயிருக்கிறான். ஆள் அனுப்பியதாக இருந்தால் அவன் ஏன் அத்தையிடம் மறைக்க வேண்டும்?"

ஜானகியம்மாள் அவரை முதல்தடவையாகப் பெருமிதத்தோடு பார்த்தார். "சபாஷ், ராசப்பா. நானும் குளம்பைத்தான் பார்த்தேன். அதற்கும் முன்னாலே அந்தப் பெண்ணே சொல்லிவிட்டாள். தாடையில் வட்டத்தை வைத்துக்கொண்டு, கண்ணைச் சுற்றி வந்தால் பார்வை போகுமா என்று கேட்டாள். தன் முகத்தைப் பற்றிய கவலை இல்லை அவளுக்கு. கன்றின் கண்ணைப் பற்றித்தான் கவலை. அப்படிப்பட்ட பெண்ணை அந்த வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்காமல் விடலாமா?"

"ஆனாலும் பொய்..."

"பழி சொன்ன வாயே பழியைத் துடைத்தது. அதற்கு மேல் நான் துப்பறிவதில்லை" என்றார் டாக்டர். பிறகு, "என்ன, முழங்கையைச் சொறிகிறாய்?" என்றார்.

"கொசு அம்மா" என்றார் ராசப்பன்.

கொசு இல்லை. கார்த்திகையில் கல்யாணத்துக்குப் போனபோது அவர் முழங்கையில் ஓர் அணாக் காசு அளவுக்குக் களிம்பு பூசியிருந்தார். பந்தலில் அதைப் பார்த்த வேலுமணி கவுண்டர் தம் சொந்தத் துண்டைக் காட்டி, "இது என்னுதுங்க, ஆருக்குந் தர்றதில்லை" என்று உறுதி சொன்னார். மயிலைக் கன்றின் கண்ணைச் சுற்றிப் புது மயிர் முளைத்திருந்தது. கழுத்தில் மாலையோடு அது பந்தல்காலைத் தின்னப் பார்த்துக்கொண்டிருந்தது.

தாலி கட்டி முடிந்ததும் பெருமாயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு டாக்டரிடம் வந்தாள். அவர் கையைப் பிடித்துத் தன் முந்தானையில் வைத்தாள்.

"தொட்டுப் பாருங்க சாமி" என்றாள். "காஞ்ச சேலை."